குசினிக்குப் பின்னால் உருகும் ஈயம்

கடந்த தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்காவற்றுறைக்குக் கிட்ட, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. தம்பியின் மகனுக்கு இரண்டு வயது. கோடிப்பக்கம் மணலில் இருந்து விளையாடிக்கொண்டிருந்தவன் வாய்க்குள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். விரலை விட்டு எடுத்துப் பார்த்தேன். வலையில் கோக்கும் ஈயக்குண்டு. எச்சில் பட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.

அப்பா திண்ணையில் இருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது ஒண்டும் செய்யாது பிள்ளை. நீயும் உதை வாயிலை வச்சுக்கொண்டு திரிஞ்சனிதானே."

உண்மைதான், நானும் அப்படித்தான் திரிந்தேன். ஆனால் "ஒண்டும் செய்யாது" என்பது மட்டும் உண்மையில்லை. அந்தப் பொங்கலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். தீவுப்பகுதியில் ஈயம் உருக்குகிற சில வீடுகளுக்கும் போய்வந்தேன். போன இடமெல்லாம் அப்பா சொன்ன அதே வசனத்தைத்தான் கேட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டு உலை

1990 இல் தீவுப்பகுதியை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எனக்கு அந்தப் பயணம் நினைவில் இல்லை. 2002 இல் சமாதான காலத்தில் பண்ணைப் பாலம் கடந்து திரும்பி வந்தது நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. அப்பாவிடம் வள்ளமும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசக்கூடிய வீச்சுவலை ஒன்றோடுதான் தொழிலைத் திரும்பத் தொடங்கினார்.

வீச்சுவலை விரிந்து விழவேண்டும், விழுந்ததும் தாழவேண்டும். அதற்கு அடிக்கயிறு முழுக்க ஈயம் கோக்கவேண்டும். ஈயம் வாங்கக் காசில்லை. யுத்த காலத்தில் வடக்குக்குள் பற்றரி கொண்டுவரவே தடை இருந்ததால், செத்த பற்றரியைக்கூட எங்கள் சனம் எறியாமல் வைத்திருந்தது. டைனமோ சுற்றி றேடியோ கேட்ட ஊரல்லவா! அப்படிக் கிடந்த பழைய லொறிப் பற்றரி ஒன்றைத்தான் அப்பா உடைத்தார். அதற்குள் இருந்த தகடுகளைப் பழைய பால்மாப் பேணி ஒன்றில் போட்டு, குசினிக்குப் பின்னால் ஊமலும் பனைமட்டையும் எரித்து உருக்கினார். மேலே படிந்த சாம்பல் நிற ஆடையைக் கரண்டியால் வழித்து வேலியோரம் எறிந்தார். கீழே கண்ணாடிபோல மினுங்கிய ஈயத்தை அச்சில் ஊற்றினார். ஆறினதும் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துக் கொடுப்பது என் வேலை. எனக்கு அப்போது 14 வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பின்னேரங்களில் எனக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு இருக்கவில்லை.

இன்றைக்கும் இது நடக்கிறது. நண்டுவலை, வீச்சுவலை என்று கீழே தாழவேண்டிய வலை எல்லாவற்றுக்கும் பாரம் வேண்டும். இந்திய இழுவைப் படகுகள் ஓர் இரவில் வலையை அறுத்துக்கொண்டு போனால் நூலோடு ஈயமும் போய்விடும். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் எங்கள் கடலில் அது நின்றபாடில்லை. வலை போன வீட்டில் அடுத்த கிழமை பேணி திரும்ப அடுப்பில் ஏறுகிறது.

அமெரிக்காவில் வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடுவதற்கும் பழகுகிறவர்கள் துவக்குச் சன்னங்களை வீட்டிலேயே ஈயம் உருக்கி வார்க்கிறார்கள். அங்கே அது பொழுதுபோக்கு. அதற்கென்று கையுறை, காற்றோட்டம், இரத்தப் பரிசோதனை என்று நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியும் அவர்களில் பலருடைய இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பது மருத்துவ உலகம் அறிந்த விடயம். எங்களிடம் இது வயிற்றுப்பாடு. எச்சரிக்கை எழுதிய ஒரு துண்டுத்தாளைக்கூட நான் போன வீடுகளில் காணவில்லை.

பெயரில் ஒரு மயக்கம்

நெடுந்தீவில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "அந்தக் காலத்திலை பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசித்தானே பிள்ளை சமைச்சனாங்கள். எங்களுக்கு என்ன நடந்தது?"

நியாயமான கேள்வி. பதில் எங்கள் மொழிக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் வெள்ளீயம், காரீயம் என்று இரண்டு உலோகங்கள் உண்டு. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். தமிழ்நாட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான், அது உணவுக்குப் பயன்படக்கூடியது. வலைக்கும் பற்றரிக்கும் சன்னத்துக்கும் போவது காரீயம். அது நஞ்சு. இரண்டையும் நாங்கள் வெறுமனே "ஈயம்" என்று சொல்லிச் சொல்லி, ஒன்றின் நல்ல பெயரை மற்றதற்கும் கொடுத்துவிட்டோம். இனி இந்தக் கட்டுரையில் ஈயம் என்று வருவதெல்லாம் காரீயம்.

உடம்புக்குள் என்ன செய்கிறது?

ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். விறகு அடுப்பே அதற்குப் போதும் என்பதால்தான் வீட்டில் செய்ய முடிகிறது. சூடு கூடக்கூட அதிலிருந்து ஆவி எழும்பும். ஆனால் வீட்டுக்குள் நீண்டகாலம் நின்று கெடுதல் செய்வது ஆவியைவிடத் தூசிதான். மேலே படியும் அந்தச் சாம்பல் ஆடை ஈய ஒட்சைட்டு. அதை வழித்து எறியும்போது மாவாக உதிரும். பற்றரித் தகட்டில் பூசியிருக்கும் பசையும் அப்படித்தான். அந்தத் தூள் கையில், சாரத்தில், மணலில், திண்ணையில் ஒட்டும். காற்றில் காணாமல் போகாது, உக்கவும் உக்காது. அப்பா 2002 இல் வேலியோரம் எறிந்தது 2002 இல் கிடந்த மாதிரியேதான் இன்றும் கிடக்கும்.

வாய் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும் ஈயத்தை உடம்பு கல்சியம் என்று நினைத்து ஏமாறுகிறது. கல்சியம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும்: மூளைக்கு, நரம்புக்கு, எலும்புக்கு. இரத்தம் உருவாகும் வேலையையும் குழப்பும். வளர்ந்தவரைவிடச் சிறுபிள்ளையின் குடல் நான்கைந்து மடங்கு கூடுதலாக ஈயத்தை உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தவழ்கிற பிள்ளை கையை வாயில் வைக்காமல் இராது. மூளை வளரும் வயதும் அதுதான்.

எவ்வளவு ஈயம் ஆபத்து? பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்கிரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தவேண்டும் என்று அந்த நிறுவனம் 2021 இல் வழிகாட்டியது. இரண்டு வயதுப் பிள்ளையின் உடம்பில் ஏறக்குறைய ஒரு லீற்றர் இரத்தம்தான் இருக்கும். அந்த எல்லையைத் தொட அதில் 50 மைக்கிரோகிராம் ஈயம் போதும். அதாவது ஒரு கிராம் ஈயத்தை இருபதாயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது.

அறிகுறியும் லேசில் தெரியாது. வயிற்றுக்குத்து, மலச்சிக்கல், வெளிறிப்போதல், எரிச்சல், பசியின்மை எல்லாம் வரலாம். அவற்றைப் பூச்சிக்குணம் என்றோ கண்ணூறு என்றோ சொல்லிவிடுவோம். பெரும்பாலான பிள்ளைகளிடம் வெளியே ஒன்றுமே தெரியாது. பள்ளிக்கூடத்தில் கவனம் நிற்காது, படித்தது மனதில் நிற்காது, சட்டென்று கோபம் வரும். "உவனுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லி விட்டுவிடுவோம். மூளைக்கு ஏற்படும் அந்தப் பாதிப்பு பிறகு திரும்புவதில்லை. அளவு மிகவும் கூடினால் வலிப்பு, மயக்கம், மரணம்.

எலும்புக்குள் போன ஈயம் பத்து, இருபது வருடம், அதற்கு மேலும் அங்கேயே தங்கும். ஒரு பெண் கர்ப்பமாகும்போது, பிள்ளையின் எலும்புக்காக அவளுடைய எலும்பிலிருந்து கல்சியம் கரையும். அதோடு ஈயமும் கரைந்து தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், நிறை குறைந்த பிள்ளை என்பவற்றுக்கும் இது ஒரு காரணம். இதை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளைச் சுமந்த காலத்தில், 14 வயதில் நான் தட்டி எடுத்த குண்டுகளை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

எங்களைப் போல இரண்டு ஊர்கள்

செனகல் நாட்டில், தலைநகர் டக்கார் அருகே தியாரோய் சூர் மேர் என்று ஒரு கரையோர ஊர் இருக்கிறது. அந்த ஊர்க் கொல்லர்கள் பல வருடமாகப் பழைய வாகனப் பற்றரியை உடைத்து, ஈயத்தை உருக்கி, மீன்பிடி வலைக்குப் பாரம் வார்த்து வந்தார்கள். ஊர் மணலெல்லாம் ஈயத்தூள். பிறகு உலகச் சந்தையில் ஈயத்தின் விலை ஏறியது. அந்த மணலையே மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்க வியாபாரிகள் வந்தார்கள். பெண்கள் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு மண்ணைக் கிண்டி, அரித்து, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஊரில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். என்ன காரணம் என்று முதலில் தெரியவில்லை. இரத்தத்தைச் சோதித்த பிறகே ஈயம் என்று தெரியவந்தது.

மற்றது பசுபிக் கடலில், மைக்ரோனேசியாவின் சூக் தீவுகள். எங்கள் ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு போலவே அதுவும் ஒரு தீவுக்கூட்டம். அங்கே பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று 2005 இல் வெளியானது. ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளைப் பார்த்தபோது முக்கிய காரணமாகத் தெரிந்தது, வீட்டில் யாரோ மீன்பிடி ஈயக்குண்டு வார்ப்பதுதான். அங்கேயும் ஈயம் பழைய பற்றரியிலிருந்துதான் வந்தது. ஒதுங்கிய சிறு தீவுகளில் இருந்த பிள்ளைகளிடம் அது இன்னும் கூடுதலாக இருந்தது.

உலகம் முழுவதும் மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கு, அதாவது 80 கோடிப் பிள்ளைகள் வரை, இரத்தத்தில் அந்த 5 மைக்கிரோகிராம் எல்லையோ அதற்கு மேலோ ஈயம் இருக்கலாம் என்று யுனிசெப் 2020 இல் மதிப்பிட்டது. பிரித்தானியாவில் தூண்டிலுக்குப் போடும் சிறிய ஈயக்குண்டுகளில் பெரும்பாலானவற்றின் விற்பனையை 1987 இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆறுகளிலும் ஏரிகளிலும் கிடந்த குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் செத்ததுதான் காரணம். அந்த நாட்டில் அன்னத்துக்குக் கிடைத்த அக்கறை எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்பது பெரிய ஆசையா?

சன்னத்தையும் உருக்குகிறார்கள்

எழுதத் தயங்கிய பகுதி இது. ஆனால் எழுதாமல் விடமுடியாது.

யுத்தம் விட்டுப்போன வெற்றுக்கோதும் சன்னமும் இன்னும் எங்கள் காணிகளில் கிளம்புகின்றன. பலவகைச் சன்னங்களின் செப்புக் கோதுக்குள் இருப்பது ஈயம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் பொறுக்கி எடுத்துப் பேணியில் போட்டு உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெடிக்காத ஒன்று அதற்குள் கலந்திருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பழைய இரும்பு பொறுக்கப்போய்க் கையையும் கண்ணையும் உயிரையும் இழந்தவர்களை வடக்கில் எல்லோருக்கும் தெரியும். நிலத்தில் கிடக்கும் எதையும் தொடாதீர்கள். கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள், கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து எடுக்கட்டும்.

இன்னொன்று, உடம்புக்குள் இருக்கிற சன்னம். எங்களில் எத்தனையோ பேர் எடுக்கமுடியாத சன்னத்தோடும் செல் துண்டோடும் வாழ்கிறோம். செல் துண்டு பெரும்பாலும் உருக்கு, அதில் ஈயப் பயம் குறைவு. ஈயச் சன்னமும் சதைக்குள் இருந்தால் பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஆனால் மூட்டுக்குள்ளோ அதற்கு மிகக் கிட்டவோ இருந்தால், மூட்டில் ஊறும் நீரில் மெல்லமெல்லக் கரைந்து வருடங்கள் கழித்தும் இரத்தத்தில் ஏறலாம். உடம்புக்குள் தங்கிய சன்னத்தால் இரத்தத்தில் ஈயம் கூடியவர்களைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 இல் அறிக்கை வெளியிட்டது. முழங்காலிலோ இடுப்பிலோ சன்னம் இருக்கிற ஒருவருக்குக் காரணம் தெரியாத வயிற்றுவலி, சோர்வு, இரத்தச்சோகை இருந்தால், வைத்தியரிடம் "எனக்குள் சன்னம் இருக்கிறது" என்று மறக்காமல் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வது என்று இருக்கவேண்டாம். அவர் கேட்கத் தோன்றாமல் விடலாம்.

என்ன செய்யலாம்?

முதலாவது, பற்றரியை உடைக்காதீர்கள். ஆபத்தில் பெரும்பங்கு அங்கேதான். தகட்டுப் பசையும் அமிலமும் சேர்ந்து வீட்டையே நஞ்சாக்கும். செத்த பற்றரியை முழுதாகவே கடையில் கொடுத்தால் காசும் வரும்.

இரண்டாவது, முடிந்தவரை வார்த்த குண்டையே வாங்குங்கள். பழைய வலையில் இருக்கும் குண்டைக் கழற்றிக் கழுவித் திரும்பக் கோக்கலாம், உருக்கத் தேவையில்லை. சில வலைகளுக்குக் கல்லோ சீமெந்துக் கட்டியோ காணும்.

உருக்கித்தான் ஆகவேண்டும் என்றால், குசினிக்குப் பின்னால் வேண்டாம். வீட்டையும் கிணற்றையும் விட்டுத் தூரமாக, காற்று வீட்டுப்பக்கம் அடிக்காத இடத்தில் செய்யுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஈரம் ஒரு துளி உருகிய ஈயத்தில் பட்டாலும் ஆவியாகி வெடித்து முகத்தில் தெறிக்கும். மழைநாளில் தொடவே வேண்டாம். உருக்கிய சட்டியும் கரண்டியும் திரும்பக் குசினிக்குள் போகக்கூடாது. வழித்த சாம்பலை மணலில் எறியாமல் மூடியுள்ள தகரத்தில் அடையுங்கள். முகத்தில் துணி கட்டினால் போதும் என்று நினைக்கவேண்டாம், அந்தத் தூளைத் துணி மறிக்காது.

வேலை முடிந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, முழுகி, உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். அந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். கை கழுவாமல் வெற்றிலை, பீடி, சாப்பாடு எதுவும் வேண்டாம். திண்ணையை விளக்குமாற்றால் கூட்டினால் தூள் எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள்.

வீச்சுவலைக்காரருக்கு ஒரு வார்த்தை. வீசும்போது ஈயம் கோத்த ஓரத்தைப் பல்லில் கடித்துப் பிடிக்கிற பழக்கம் எங்கள் கரை முழுக்க இருக்கிறது. குண்டைப் பல்லால் நெரித்து இறுக்குகிறவர்களும் உண்டு. இரண்டையும் விடுங்கள்.

பழைய உலை இருந்த மணலில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். கோழிகளும் அங்கே கிளறக்கூடாது. ஈயம் கலந்த முற்றத்தில் மேயும் கோழியின் முட்டைக்குள்ளும் ஈயம் வரும். பிள்ளைக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுங்கள். வயிறு வெறுமையாக இருந்தாலும், கல்சியமும் இரும்புச்சத்தும் குறைவாக இருந்தாலும் ஈயம் கூடுதலாக உறிஞ்சப்படும். முருங்கையிலை, முள்ளோடு தின்னும் நெத்தலி, பயறு, பால் எல்லாம் எங்கள் ஊரில் கிடைக்கிறவைதான்.

பிள்ளை ஈயக்குண்டை விழுங்கிவிட்டால், "தானாக வெளியே போகும்" என்று காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வயிற்று அமிலம் அதைக் கரைக்கும். வீட்டில் ஈயம் உருக்குகிறவர்கள் கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் அதைச் சொல்லுங்கள். ஈயம் இருக்கிறதா என்று இரத்தத்தில்தான் பார்க்கவேண்டும், சாதாரண இரத்தச் சோதனையில் அது தெரியவராது. எனவே வைத்தியரிடம் அதைக் குறிப்பாகக் கேட்கவேண்டும்.

சனத்தை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

வலை போன கடற்றொழிலாளியிடம் "உருக்காதே" என்று சொல்லிவிட்டு வருவது லேசு. உருக்காமல் இருக்க வழி வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வார்த்த குண்டுகளை மொத்தமாக எடுத்து நியாய விலைக்குக் கொடுக்கலாம். வலை உதவி கொடுக்கிற நிறுவனங்கள் நூலோடு பாரத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். சுகாதாரத் திணைக்களம் தீவுப்பகுதிக் கரையோர ஊர்களில் ஒருமுறையாவது பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம். பெற்றோல் மூலமாக வந்த ஈயத்தை இந்த நாடு 2002 இல் நிறுத்தியது. அப்பா எங்கள் கோடியில் முதல் உலை மூட்டிய வருடமும் அதுதான்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லைப் பிள்ளை," என்றார். பின்னேரம் பேணியையும் அச்சையும் ஒரு சாக்கில் கட்டி எடுத்துவைத்தார். உலை இருந்த இடத்து மணலை நனைத்து, ஒரு முழம் ஆழம் வெட்டி அள்ளி, தடித்த பைகளில் கட்டி, பிள்ளைகள் போகாத மூலையில் வைத்திருக்கிறோம். அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டிருக்கிறோம். அள்ளிய இடத்துக்கு வேறு இடத்து மண் போட்டாயிற்று.

மருமகனுக்கும் என் மகளுக்கும் எனக்கும் இரத்தம் சோதிப்பதற்கு வைத்தியரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். முடிவு எதுவாக இருந்தாலும், அந்தக் கோடியில் இனி அவன் வாய்க்குள் போக ஈயம் இருக்காது.